ஒரே புல்வெளி, இத்தனை வாய்கள்

காட்டு விலங்குகளைப் பற்றிய தொலைக்காட்சிப் படங்களில் தவறாமல் வரும் காட்சி ஒன்று உண்டு. கண்ணுக்கு எட்டிய தூரம் புல். அதில் வரிக்குதிரையும் வில்டபீஸ்ட்டும் சிறு மான்களும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு மேய்கின்றன. ஓரத்தில் ஒட்டகச்சிவிங்கி, தொலைவில் யானை. பின்னணிக் குரல் மட்டும் சிங்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும். எனக்கென்னவோ சிங்கத்தைவிட அந்தப் புல்தான் பெரிய புதிராகத் தெரிகிறது. பசித்த வாய்கள் இத்தனை இருந்தும், ஏதோ ஒரு விலங்கு மற்றவற்றை ஓரங்கட்டிவிட்டு முழு வெளியையும் தனதாக்கிக் கொள்ளவில்லையே, ஏன்?

கிழக்கு ஆப்பிரிக்காவின் பெரிய பாலூட்டிகளைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனாலே போதும். சூழலியலில் இதற்கான விடையை ‘வளப் பங்கீடு’ என்கிறார்கள். பெயர் கனமாக இருந்தாலும் விஷயம் எளியது. ஒரே இடத்தில் மேய்கிற விலங்குகள் ஒரே உணவைத் தின்பதில்லை. தின்றாலும் ஒரே நேரத்தில், ஒரே உயரத்தில், ஒரே விதமாகத் தின்பதில்லை.

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். செரங்கெட்டி, தான்சானியாவின் வடக்கே கென்ய எல்லையை ஒட்டிக் கிடக்கிறது. தேசியப் பூங்கா மட்டும் 14,763 சதுர கிலோமீட்டர். சுற்றியுள்ள காப்பிடங்களையும் எல்லைக்கு அப்பால் இருக்கும் மாசாய் மாராவையும் சேர்த்தால் பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். இங்கே சுமார் 13 லட்சம் வில்டபீஸ்ட்கள் திரிகின்றன. மாட்டுக் கொம்பு, ஆட்டுத் தாடி, குதிரை வால் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து ஒட்டியது போன்ற மானினம் அது. வரிக்குதிரைகள் சுமார் 2 லட்சம். தாம்சன் மான்களும் லட்சக்கணக்கில். நம் கோடியக்கரை வெளிமானுக்கு நெருங்கிய உறவான சின்ன மான் இது. எடை 20 கிலோ அளவில்தான் இருக்கும். இவை போக எருமை, டோப்பி, இம்பாலா, ஈலண்ட் என்கிற மானினங்கள், காட்டுப்பன்றி, நீர்யானை, யானை.

புல்லுக்குள்ளே என்ன இருக்கிறது

தூரத்திலிருந்து பார்த்தால் புல் ஒரே பச்சை. ஒரு கொத்தைப் பிடுங்கிக் கையில் வைத்துப் பார்த்தால் கதை வேறு. நுனியில் காய்ந்த பூங்கதிர். அதன் கீழே குச்சி போன்ற தண்டு. நார் மிகுதி, புரதம் சொற்பம். தண்டைச் சுற்றி இலையுறை. பக்கத்தில் மெல்லிய இலை. இதில் புரதம் அதிகம், நார் குறைவு. அடியில், மண்ணை ஒட்டி, இப்போதுதான் விட்ட துளிர். எல்லாவற்றிலும் சத்தானது அதுதான். புல்லின் நிழலில் படர்ந்து கிடக்கும் சிறு பூண்டுகள் வேறு. செரங்கெட்டியில் இடுப்புயரம் வளரும் செம்புல்லும் உண்டு, தரையோடு படரும் நம் ஊர் அறுகம்புல்லும் உண்டு. ஆகவே புல்வெளி என்பது ஒரே உணவு கிடையாது. மட்டமான உணவு மேலேயும் நல்ல உணவு கீழேயுமாக அடுக்கி வைத்திருக்கிறது. மட்டமானது எக்கச்சக்கம், நல்லது கொஞ்சம்.

யாருக்கு எது ஒத்துக்கொள்ளும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: வயிறு, உடலின் பருமன், வாய்.

வயிற்றிலிருந்து தொடங்கலாம். பசு மேய்வதைப் பார்த்தவர்களுக்கு இதில் பாதி தெரிந்த விஷயம்தான். புல்லைச் சரசரவென்று அறுத்து விழுங்கிவிட்டு, பிறகு நிழலில் படுத்து அசை போடும். விழுங்கிய புல் முதலில் போய்ச் சேரும் பெருவயிறு சாண எரிவாயுக் கலன் மாதிரி வேலை செய்கிறது. உள்ளே கோடானுகோடி நுண்ணுயிர்கள் நாரை நொதிக்க வைத்துச் சிதைக்கின்றன. போதுமான அளவு பொடியாகாத நார் அங்கிருந்து அடுத்த அறைக்குப் போக முடியாது. மீண்டும் வாய்க்கு வந்து அரைபட வேண்டும். கடைசியில் அந்த நுண்ணுயிர்களும் அடுத்த அறைகளில் செரிக்கப்பட்டு மாட்டுக்குப் புரதமாகிவிடும். துளி சத்துகூட வீணாகாத ஏற்பாடு. வில்டபீஸ்ட், எருமை, மானினங்கள், ஒட்டகச்சிவிங்கி எல்லாம் இந்த அசைபோடும் கூட்டம்.

வரிக்குதிரை, காண்டாமிருகம், யானை மூன்றும் வேறு கட்சி. இவற்றுக்கு நொதித்தல் நடப்பது வயிற்றுக்கு முன்னால் அல்ல, கடைசியில், பெருங்குடலிலும் அதை ஒட்டிய குடற்பையிலும். அங்கே வளரும் நுண்ணுயிர்களின் புரதம் பெரும்பாலும் லத்தியோடு வெளியே போய்விடும். செரிமானமும் அரைகுறைதான். யானை தின்பதில் பாதிகூடச் செரிப்பதில்லை. கோயில் யானையின் லத்தியைக் கிட்டத்தில் பார்த்தால் போதும். தென்னை மட்டையின் நார் நாராகவே கிடக்கும். மாட்டுச் சாணத்தில் அப்படி ஒன்றும் தெரியாது, மழமழவென்று இருக்கும். குதிரை லத்தி இரண்டுக்கும் நடுவில்.

அப்படியானால் பின்குடல்காரர்கள் தோற்றவர்களா? இல்லை. அவர்களுடைய பலம் வேகம். பொடியாகும்வரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லாததால் உணவு மளமளவென்று குடலைக் கடந்துவிடும். ஒவ்வொரு கவளத்திலும் கிடைப்பது கம்மி, ஆனால் கவளங்கள் அதிகம். தண்டும் உறையுமான முரட்டுப் புல்லை வில்டபீஸ்ட் தின்றால் பெருவயிறு அடைத்துக்கொண்டு, வயிறு நிரம்பியும் உடல் இளைக்கும். வரிக்குதிரை அதே புல்லைக் கூடுதலாகத் தின்று சமாளித்துவிடும்.

அடுத்தது உடலின் பருமன். இந்தப் பாடத்தின் நடுநாயகமே இதுதான் என்பேன். டிக்-டிக் என்று ஒரு குட்டி மான், கிழக்கு ஆப்பிரிக்கப் புதர்க்காட்டில் வாழ்கிறது. எடை சுமார் 5 கிலோ. நம் ஊர் முயலைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு யானையை 5 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடையில் ஆயிரம் மடங்கு. அப்படியென்றால் ஆயிரம் மடங்கு சாப்பாடு வேண்டுமா? வேண்டாம். உடல் பெருக்கும் அதே வேகத்தில் ஆற்றல் தேவை பெருகுவதில்லை. கணக்குப் போட்டால் யானைக்கு டிக்-டிக்கைப் போலச் சுமார் 180 மடங்கு ஆற்றல் இருந்தால் போதும். திருப்பிச் சொன்னால், ஒரு கிலோ உடம்புக்கு டிக்-டிக்குக்குத் தேவைப்படும் ஆற்றல் யானையைப் போல ஐந்து மடங்குக்கும் மேல்.

ஆனால் குடலின் கொள்ளளவு உடம்போடு கூடவே பெருகுகிறது. அதனால்தான் பெரிய உடம்புக்கு மட்டமான உணவு கட்டுப்படியாகிறது. யானை மரப்பட்டையையும் காய்ந்த புல்லையும் ஒரு நாளைக்கு 150 கிலோ அளவுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும்; நாளில் முக்கால்வாசி நேரம் வாய் ஆடிக்கொண்டே இருக்கும். டிக்-டிக்கின் சின்ன வயிற்றில் மட்டமான சரக்கை நிரப்ப இடமில்லை. அதற்குத் துளிர், மொட்டு, பழம் என்று பொறுக்கியெடுத்த உணவு வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் செரங்கெட்டியில் ஆய்வு செய்த ரிச்சர்ட் பெல், மானினங்களை ஆராய்ந்த பீட்டர் ஜார்மன் இருவரும் இதைத் தெளிவாக வகுத்துச் சொன்னார்கள். இன்றும் ஜார்மன்–பெல் கோட்பாடு என்றே வழங்குகிறது.

ஜார்மன் இதிலிருந்து ஒரு படி மேலே போனார். என்ன தின்கிறது என்பதிலிருந்தே ஒரு மான் எப்படிக் குடித்தனம் நடத்துகிறது என்பதையும் ஊகித்துவிடலாம் என்றார். துளிரும் மொட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைப்பவை. பத்துப் பேர் சேர்ந்து போனால் முன்னால் போகிறவருக்கு மட்டும்தான் சாப்பாடு. ஆகவே டிக்-டிக் ஜோடியாக, தனக்கென்று எல்லை வகுத்துக்கொண்டு புதருக்குள் ஒளிந்து வாழ்கிறது. புல் எங்கும் பரந்து கிடப்பது. அதைத் தின்கிறவை ஆயிரக்கணக்கில் கூடினாலும் குறையில்லை. புதர் இல்லாத வெளியில் ஒளிய இடமும் இல்லை, கூட்டம்தான் காப்பு. வில்டபீஸ்ட் மந்தையாகத் திரிவதும் டிக்-டிக் இருவராக வாழ்வதும் சுபாவ வித்தியாசம் அல்ல, சாப்பாட்டு வித்தியாசம் என்கிற இந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

மூன்றாவது வாய். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, கெட்டியான ஈறுதான் இருக்கும் என்பது மாடு பிடிப்பவர்களுக்குத் தெரியும். வில்டபீஸ்ட்டுக்கும் அப்படியே. அகன்ற வாயால் குட்டையான இலைப்புல்லை வாரி வாரி எடுக்கும். வரிக்குதிரைக்கு மேலும் கீழும் முன்பற்கள் உண்டு. தடித்த தண்டைக் கத்தரித்துவிடும். தாம்சன் மானின் ஒடுங்கிய முகவாய் இடுக்கில் நுழைந்து ஒவ்வொரு இலையாகக் கிள்ளும். நீர்யானைக்குப் பெரிய தந்தம் போன்ற பற்கள் இருந்தாலும் மேய்வதற்கு அவை உதவுவதில்லை. அரை மீட்டர் அகலமுள்ள உதட்டால்தான் புல்லைப் பற்றி இழுக்கிறது. பகலெல்லாம் தண்ணீரில் கிடந்துவிட்டு, இரவில் கரையேறிச் சுமார் 40 கிலோ புல்லைத் தின்றுவிட்டு விடிவதற்குள் திரும்பிவிடும். ஆப்பிரிக்கக் காண்டாமிருகம் இரண்டு இனம்: ஒன்றுக்குச் சதுரமான அகன்ற உதடு, புல் மேயும். மற்றதற்குக் கொக்கி போல வளைந்த மேலுதடு, முட்செடியின் கிளையை வளைத்துத் தழை கடிக்கும். வெள்ளை, கருப்பு என்று அழைத்தாலும் நிறத்தில் பெரிய வேறுபாடு இல்லை; உதட்டைப் பார்த்தால்தான் அடையாளம் தெரியும்.

வரிசையில் வரும் விருந்தாளிகள்

வயிறு, பருமன், வாய் மூன்றும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதைப் பெல் செரங்கெட்டியின் மேற்குப் பகுதியில் பார்த்தார். மழை நின்று வெளி காயத் தொடங்கும்போது விலங்குகள் மேட்டு நிலத்துக் குட்டைப் புல்லை விட்டுத் தாழ்நிலத்து உயரப் புல்லுக்கு இறங்குகின்றன. எல்லாம் ஒன்றாக இறங்குவதில்லை. முதலில் வரிக்குதிரை. உயர்ந்த தண்டுகளைத் தின்றும் மிதித்தும் பாதை திறக்கிறது. கீழே மறைந்திருந்த இலைகள் வெளிப்பட்டதும் வில்டபீஸ்ட் வருகிறது. அதுவும் போன பிறகு தரையோடு கிடக்கும் பூண்டுக்கும் துளிருக்கும் தாம்சன் மான். ஒருவர் சாப்பிடுவது அடுத்தவருக்குப் பந்தி தயார் செய்கிறது. இதற்கு மேய்ச்சல் வரிசை என்று பெயர்.

சாம் மெக்நாட்டன் என்ற சூழலியலாளர் இதன் கடைசிப் படியைச் சோதித்தார். வில்டபீஸ்ட் மந்தை வருவதற்கு முன் சில இடங்களை வேலியிட்டு மறைத்து வைத்தார். மந்தை கடந்தபோது வெளியே இருந்த புல் கிட்டத்தட்ட மொட்டையாகிவிட்டது. ஆனால் அடுத்த சில வாரங்களில் அந்த மொட்டை நிலத்தில்தான் அடர்த்தியாகப் புதுத் துளிர் எழுந்தது. வேலிக்குள் இருந்த புல் முற்றிக் காய்ந்தது. தாம்சன் மான்கள் பிறகு அந்தப் பக்கம் வந்தபோது, வில்டபீஸ்ட் மேய்ந்துவிட்டுப் போன இடங்களையே நாடின. 1976-இல் வந்த ஆய்வு இது.

பாடப்புத்தகங்கள் இதோடு நிறுத்திக்கொண்டு, எல்லோரும் விட்டுக்கொடுத்து வாழ்வதாக ஒரு சித்திரம் வரைந்துவிடும். அது முழு உண்மை அல்ல. கேமராப் பொறிகள், கழுத்தில் கட்டிய ஜிபிஎஸ் பட்டைகள், சாணத்தில் எடுத்த டிஎன்ஏ என மூன்றையும் சேர்த்து 2024-இல் வெளிவந்த செரங்கெட்டி ஆய்வு ஒன்று வேறு கோணம் காட்டுகிறது. தாம்சன் மான் பின்னால் வருவது உதவி கிடைப்பதால்தான், அது சரி. ஆனால் வரிக்குதிரை முன்னால் போவது பந்தி விரிக்க அல்ல. பின்னால் 13 லட்சம் வாய்கள் வருகின்றன. அவை வந்துவிட்டால் மிச்சம் எதுவும் இருக்காது. வரிக்குதிரை தள்ளப்படுகிறது, மான் இழுக்கப்படுகிறது. நடுவில் வில்டபீஸ்ட் தன் பாட்டுக்கு மேய்ந்துகொண்டு போகிறது. இயற்கையில் பங்கீடு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. யாரும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போடுவதில்லை. போட்டியில் தோற்காமல் தப்பிக்க ஆளுக்கொரு வழி.

இத்தனை கூட்டமும் ஏன் ஆண்டு முழுக்க நடந்துகொண்டே இருக்கிறது என்பதற்கும் விடை புல்லில்தான் இருக்கிறது. தென்கிழக்கே ஓல் டோய்ன்யோ லெங்காய் என்ற எரிமலை இன்னமும் உயிரோடு இருக்கிறது. அதுவும் அக்கம்பக்கத்துப் பழைய எரிமலைகளும் கக்கிய சாம்பல்தான் தென் சமவெளியின் மண். அடியில் சுக்கான் பாறை போலக் கெட்டித்த தட்டு இருப்பதால் மரத்தின் வேர் இறங்க முடியாது. குட்டைப் புல் மட்டுமே வளரும். அந்தப் புல்லில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் ஏராளம். பால் கொடுக்கும் தாய்க்கு அதுதான் வேண்டும். வில்டபீஸ்ட்கள் ஆண்டின் தொடக்கத்தில் இங்கே கூடிக் கன்று ஈனுகின்றன. பெரும்பாலான கன்றுகள் மூன்று வாரத்துக்குள் பிறந்துவிடும். பிறந்த சில நிமிடங்களில் எழுந்து நிற்கும். ஒரே சமயத்தில் லட்சக்கணக்கில் பிறப்பதால் கழுதைப்புலிகள் எத்தனை தின்றாலும் மிச்சம் இருக்கும்.

ஆனால் தெற்கு மழை மறைவுப் பகுதி. ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் அளவில்தான் மழை. மே மாதம் வந்தால் குட்டை வற்றிவிடும், புல் கருகிவிடும். வடமேற்கே மழை அதற்கு இரு மடங்கு. தண்ணீரும் உண்டு, புல்லும் உண்டு, ஆனால் சத்து குறைவு. கோடையைத் தாண்டுவதற்கு அது போதும். ஆகவே மேற்காகவும் வடக்காகவும் நடந்து மாரா ஆற்றைக் கடப்பதும், நவம்பர் மழைக்குத் தெற்கே திரும்புவதும். ஆற்றைக் கடக்கும்போது முதலைக்கு இரையாவது சொற்பம். நெரிசலில் மூழ்கிச் சாவதுதான் அதிகம். ஆண்டுக்குச் சராசரி 6,250 பிணங்கள் மாரா ஆற்றில் சேர்வதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். மீன், கழுகு, முதலை என்று எல்லாவற்றுக்கும் அது தீனி. எலும்பு கரைய மட்டுமே ஏழு ஆண்டு பிடிக்கும்.

தழை கடிப்பவர்களும் காட்டுக்குள் இருப்பவர்களும்

மாடு புல் மேயும், ஆடு தழை கடிக்கும். ஆப்பிரிக்காவிலும் இதே பிரிவினை. தழைப் பக்கத்தில் பங்கீடு பெரும்பாலும் உயரத்தில் நடக்கிறது. முழங்கால் உயரத்தில் டிக்-டிக். அதற்கு மேலே இம்பாலா. இது மழைக்காலத்தில் புல்லும் கோடையில் தழையுமாக இரண்டு பக்கமும் கால் வைத்திருக்கும். வடகென்யாவின் வறண்ட புதர்க்காட்டில் ஜெரனுக் என்ற நீண்ட கழுத்து மான் பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று இரண்டு மீட்டருக்கு மேலுள்ள தழையை எட்டிவிடும். அதற்கும் மேலே ஒட்டகச்சிவிங்கியின் ராஜ்ஜியம். 45 சென்டிமீட்டர் நாக்கை நீட்டி, அக்கேசியா என்ற வேல மர வகையின் முட்களுக்கு நடுவே இலையை மட்டும் உருவி எடுக்கும். ஒரே இனத்துக்குள்ளும் பங்கீடு உண்டு. ஆண் கழுத்தை முழுதாக நீட்டி மர உச்சியில் மேயும். பெண் கழுத்தைத் தாழ்த்தித் தன் தோள் உயரத்துக்குள் மேயும். தூரத்திலிருந்தே ஆணா பெண்ணா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

கண்ணால் பார்த்து மட்டும் இதையெல்லாம் நிரூபிக்க முடியாது. ‘புல் தின்றது’ என்று எழுதலாம், எந்தப் புல் என்று தூரத்திலிருந்து எப்படித் தெரியும்? கென்யாவின் லைக்கிப்பியா மேட்டுநிலத்தில் யானை, எருமை, இம்பாலா, டிக்-டிக், இரண்டு வகை வரிக்குதிரை, வளர்ப்பு மாடு என்று ஏழு விலங்குகளின் சாணத்தைச் சேகரித்து, அதிலுள்ள தாவர டிஎன்ஏவைப் படித்த ஆய்வு 2015-இல் வந்தது. ஒவ்வொன்றின் உணவுப் பட்டியலும் தனித்தனி. ஆச்சரியம், பார்வைக்கு இரட்டைப் பிறவி போன்ற இரண்டு வரிக்குதிரைகள்கூட வேறு வேறு செடிகளைத் தின்றிருந்தன. புல்மேய்வன, தழைமேய்வன என்று இரண்டு கட்டத்துக்குள் எல்லாவற்றையும் அடைப்பது எவ்வளவு மேலோட்டமானது என்பதை அது காட்டிவிட்டது.

மழைக்காடு என்றால் இலை தழை கொட்டிக் கிடக்கும், பெரிய விலங்குகளுக்குக் கொண்டாட்டம் என்று தோன்றும். நேர்மாறு. பச்சை எல்லாம் முப்பது மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே வெளிச்சம் விழாததால் புல் இல்லை. வாய்க்கு எட்டும் உயரத்தில் உணவு குறைவு என்பதால் மந்தைகளும் இல்லை. டைக்கர் என்கிற சிறு மான்கள் மரத்தில் குரங்குகள் சிந்தும் பழங்களைப் பொறுக்கித் தின்று ஒண்டியாக வாழ்கின்றன. கென்யாவின் அபர்டேர், கென்ய மலைக் காடுகளில் போங்கோ என்ற செந்நிற வரிமான் இருக்கிறது. வெள்ளைக் கோடுகள் இறங்கிய அந்தப் பெரிய உடம்பு மூங்கில் புதருக்குள் நின்றால் கண்ணுக்கே தெரியாது. அங்கே மிஞ்சியிருப்பவை நூறுக்கும் குறைவு.

உகாண்டாவின் பிவிண்டி காட்டில் இதே பருமன் விதி நம் உறவினர்களிடமும் வேலை செய்கிறது. மலைக் கொரில்லாவும் சிம்பன்சியும் சேர்ந்து வாழும் காடு அது. சிம்பன்சிக்குப் பழம்தான் பிரதானம். அதைத் தேடி நாளெல்லாம் அலையும். ஆண் கொரில்லா 150 கிலோவைத் தாண்டும். பழம் கிடைத்தால் விடாது, கிடைக்காவிட்டால் தண்டும் கொடியும் இலையுமாகப் பெருங்குடலை நிரப்பிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடும்.

மலைக்காட்டில் இன்னொரு பற்றாக்குறை உண்டு: உப்பு. ஓயாத மழை மண்ணிலுள்ள சோடியத்தைக் கழுவிவிடுகிறது; தாவரங்களிலும் அது அற்பம். கென்ய–உகாண்டா எல்லையிலுள்ள எல்கன் மலையில் கிட்டும் என்ற குகை இருக்கிறது. மலைக்குள் சுமார் 200 மீட்டர் போகும். யானைகள் இரவில் வரிசையாக, கும்மிருட்டில், தும்பிக்கையால் தரையைத் தடவித் தடவி உள்ளே நடக்கின்றன. வழியில் பாறைகளும் பிளவுகளும் உண்டு. குட்டிகள் சில விழுந்து செத்ததும் உண்டு. உள்ளே போய்த் தந்தத்தால் சுவரைக் குத்திப் பெயர்த்து, அந்தக் கல்லை அரைத்துத் தின்கின்றன. சுவரில் சோடியம் உப்பு படிந்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் குத்திய தந்தத் தழும்புகள் சுவரெங்கும் இருக்கின்றன. எருமையும் புதர்மானும்கூட உப்புக்காக உள்ளே போவதுண்டு.

ஒரு இழையை உருவினால்

பங்கீடு என்றதும் எல்லாம் என்றைக்கும் நிலையாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். யார் எத்தனை பேர் என்பதை உணவு மட்டும் தீர்மானிப்பதில்லை. செரங்கெட்டியில் நீண்ட காலம் ஆய்வு செய்த டோனி சின்க்ளேரும் அவர் குழுவினரும் 2003-இல் ஒரு எல்லைக்கோட்டைக் காட்டினார்கள். 150 கிலோவுக்குக் கீழே உள்ள மேய்வன பெரும்பாலும் வேட்டை விலங்குகளின் வாயில் சாகின்றன. அதற்கு மேலே போகப் போகப் பசிதான் எமன். சின்ன மானைச் சிறுத்தை, சிவிங்கிப்புலி, காட்டுநாய், சிங்கம் எல்லாம் தின்னும். எருமையைத் தொட சிங்கம் மட்டும்தான். வளர்ந்த யானையிடம் அதுவும் வாலாட்டாது. வில்டபீஸ்ட் எடையில் எல்லைக்கோட்டை ஒட்டித்தான் நிற்கிறது. ஆனால் அது வலசை போவதால் சிங்கங்கள் பின்தொடர முடியாது. குட்டிகளை விட்டுவிட்டு அவை எங்கே போகும்? அதனால்தான் இத்தனை லட்சம்.

அந்த லட்சங்கள் வந்ததும் சமீபத்தில்தான். 1880-களின் இறுதியில் வெக்கை நோய் ஆசியாவிலிருந்து வந்த மாடுகளோடு கிழக்கு ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தது. நம் கிராமங்களிலும் ஒரு காலத்தில் மாட்டுத் தொழுவங்களைக் காலி செய்த அதே நோய். மாசாய் மக்களின் மாடுகளில் பெரும்பகுதி மடிந்து, பெரும்பஞ்சம் வந்தது. வில்டபீஸ்ட்டும் எருமையும் கொத்துக் கொத்தாகச் செத்தன. அதன் பிறகும் பல பத்தாண்டுகள் அந்த நோய் ஒவ்வோர் ஆண்டும் கன்றுகளைக் கொன்றுகொண்டிருந்தது. 1960 வாக்கில் கென்யாவின் முகுகா ஆய்வகத்தில் வால்டர் பிளவ்ரைட் நல்ல தடுப்பூசி ஒன்றை உருவாக்கினார். ஊசி போட்டது மாடுகளுக்குத்தான், காட்டு விலங்குகளுக்கு அல்ல. ஆனால் மாடுகளில் நோய் அடங்கியதும் 1963-க்குள் வில்டபீஸ்ட்டிடமிருந்தும் மறைந்துவிட்டது. 1961-இல் சுமார் இரண்டரை லட்சமாக இருந்த வில்டபீஸ்ட்கள் 1977-க்குள் 13 லட்சத்தைத் தாண்டின. எருமையும் பெருகியது. வரிக்குதிரை மட்டும் இருந்தபடியே இருந்தது. பிளவுபட்ட குளம்பு இல்லாத அதற்கு இந்த நோய் வராது. காரணம் எது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

அதற்குப் பிறகு நடந்ததுதான் யாரும் எதிர்பாராதது. வாய்கள் ஐந்து மடங்கானதும் கோடையில் காய்ந்து நிற்கும் புல் குறைந்தது. காய்ந்த புல் குறைந்ததும் காட்டுத்தீ குறைந்தது. தீயில் கருகிக்கொண்டிருந்த மரக்கன்றுகள் தலைதூக்கி மரமாயின. மாட்டுக்குப் போட்ட ஊசி, சுற்றி வளைத்து, ஒரு நிலப்பரப்பின் மரத்தொகையையே மாற்றிவிட்டது. 2011-இல் வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள்.

இழை மறுபக்கமும் அறுபடலாம். லைக்கிப்பியாவின் ஓல் பெஜெட்டா காப்பிடத்தில் பெரும்பாலான மரங்கள் ஒரே வகை அக்கேசியா. முள்ளின் அடி பந்து போல உப்பியிருக்கும். அதற்குள் கடிக்கும் எறும்புகள் குடியிருக்கின்றன. யானை கிளையைத் தொட்டால் தும்பிக்கைக்குள் புகுந்து கடித்துவிடும் என்பதால் யானைகள் அந்த மரத்தைப் பெரிதாகச் சீண்டுவதில்லை. வெளியிலிருந்து பெருந்தலை எறும்பு என்ற அயல் இனம் வந்து உள்ளூர் எறும்புகளைக் கொன்றழித்தது. இது மரத்தைக் காப்பதில்லை. யானைகள் தைரியமாகக் கிளைகளை முறித்தன. மரங்கள் குறைந்து வெளி திறந்துகொண்டது. பதுங்க மறைவில்லாமல் போன சிங்கத்தை வரிக்குதிரைகள் தூரத்திலேயே பார்த்துவிட்டன. 2003-இல் அங்கே சிங்கங்கள் அடித்த இரையில் 67 சதவீதம் வரிக்குதிரை. 2020-இல் அது 42 சதவீதமாக இறங்கியது. எருமை பூஜ்யத்திலிருந்து 42 சதவீதமாக ஏறியது.

எருமையை வீழ்த்துவது லேசுப்பட்ட காரியமில்லை. கொம்பால் குத்தினால் சிங்கத்தின் கதை முடிந்தது. இருந்தும் சிங்கங்களின் எண்ணிக்கை இதுவரை குறையவில்லை. அதே மரத்தின் தழையை நம்பியிருக்கும் கருப்புக் காண்டாமிருகம் அங்கே இருக்கிறது. எறும்பு இன்னும் பரவினால் அது எதைக் கடிக்கும் என்பதுதான் இப்போது அங்கே ஆய்வாளர்களின் கவலை.